துருவத்து மலைக்குப் பேர் வைக்கணுமா? மொதல்ல அது எங்கன கெடக்குன்னு பாருங்க

கன்னியாகுமரி கடற்கரையில சூரியன் பாக்க வாற கூட்டத்துல யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவாரு, இங்க இருந்து நேரா தெக்க போனா அண்டார்டிகா வரைக்கும் வெறும் கடல்தான், நடுவுல ஒரு துண்டு நெலம் கெடையாதுன்னு. நானும் சின்னதுல இருந்து அத நம்பி வீட்டுக்கு வாற விருந்தாளிங்ககிட்ட எல்லாம் அடிச்சு விட்டிருக்கேன். ஒருநாள் சும்மா மேப்புல கோடு போட்டுப் பாத்தா வெக்கமா போச்சு. நம்ம முனை 77 டிகிரி 33 நிமிஷம் கிழக்கு, அதே 77 டிகிரி 33 நிமிஷத்துல சுமார் 5,100 கிலோமீட்டர் தள்ளி ஆம்ஸ்டர்டாம் தீவுன்னு பிரான்சுக்காரன் தீவு ஒண்ணு கெடக்கு, கோடு அதுமேலதான் போய் முட்டுது. அதையும் தாண்டி இன்னொரு 3,400 கிலோமீட்டர் போனா அண்டார்டிகா, அந்தக் கரைக்கு இங்கிரிட் கிறிஸ்டென்சன் கரைன்னு பேரு, அங்கன கிட்டத்துலயே சோர்ஸ்டால்னு ஒரு கிளேசியர் கடல்ல வந்து எறங்குது. யாரு அந்த சோர்ஸ்டால்னு பாத்தா 1935-ல நார்வே கப்பல்ல அந்தக் கரைக்கு வந்த கூட்டத்துல இருந்த ஒரு பல் டாக்டர். நம்ம ஊருக்கு நேர் எதிர்த்த பனியாறு ஒரு பல் டாக்டர் பேர்ல இருக்கு, கேட்டேளா.

அன்னைக்கு புடிச்ச கிறுக்குதான். நான் நெலம் அளக்குற வேலைக்கு கூட்டாளியா போய் சங்கிலி இழுத்து, பொறவு டோட்டல் ஸ்டேஷன்னு அளக்குற கருவியத் தூக்கிச் சுமந்தவன், அதனால இதுல கொஞ்சம் ஆசை உண்டு. கப்பலும் வேண்டாம் கம்பளிக் கோட்டும் வேண்டாம், ஒரு சுமாரான லேப்டாப்பும் ராத்திரி ரெண்டு மணி நேரமும் இருந்தா துருவத்து மலைய நீங்களே வரையலாம். பேர் வைக்கிறது வேற கதை, அது கடைசியில.

ஆனா நெறைய பேரு அந்தக் கடைசியில இருந்துதான் ஆரம்பிக்காவ. என் அக்கா மவ அப்படித்தான், நான் ஸ்கிரீன்ல பாறை வரைஞ்சிட்டு இருக்கத பாத்துட்டு "மாமா, இதுக்கு என் பேர வைங்க"ன்னா. வைக்க முடியாது மக்களேன்னு சொன்னா மூஞ்சி தொங்கிப் போச்சு. ஏன் முடியாதுன்னு பொறவு சொல்லுதேன்.

மொதல்ல, அது இருக்கான்னு உறுதி பண்ணுங்க. சிரிக்காதீங்க. 1906-ல பியரின்னு அமெரிக்காக்காரர் ஆர்க்டிக்ல தூரத்துல ஒரு மலைநாடு தெரியுதுன்னு சொல்லி, தனக்கு காசு குடுத்தவர் பேர்ல குரோக்கர் லேண்டுன்னு பேரும் வச்சிட்டாரு. 1914-ல மக்மிலன் கூட்டம் அத தேடிப்போய் பனிக்கட்டி மேல நாள்கணக்கா நடந்தாவ, தூரத்துல மலை பள்ளத்தாக்கு எல்லாம் தெளிவாவே தெரியுது, கூட வந்த அந்த ஊரு இனுயிட் வேட்டைக்காரர் மட்டும் அது வெறும் மூடுபனின்னாரு, கடைசியில அவர் சொன்னதுதான் சரி, கானல். பேரு இருந்துச்சு, மலை இல்ல. அதுக்கும் முந்தி 1818-ல ஜான் ராஸ் கனடாவுக்கு வடக்க லங்காஸ்டர் சவுண்டுங்குற கடல்வழியில கப்பல விட்டுட்டு முன்னால மலை மறிச்சு நிக்குன்னு திரும்பிட்டாரு, அதுக்கும் குரோக்கர் மலைன்னுதான் பேரு வச்சாரு (அது வேற குரோக்கர்), அடுத்த வருஷம் பேரி அந்த மலை வழியாவே கப்பல ஓட்டிட்டுப் போனாரு.

நமக்கு கானல் தொந்தரவு இல்ல, மேகம்தான் தொந்தரவு. சாட்டிலைட் படத்துல பனியும் வெள்ளை, மேகமும் வெள்ளை. நான் மூணு ராத்திரி முழிச்சிருந்து ஒரு அழகான மலைத்தொடர கோடு கோடா வரைஞ்சு வச்சேன், நாலாவது நாள் வேற தேதி படத்த போட்டுப் பாத்தா மலைய காணோம். அது மேகத்தோட நெழலு. அதனால ரெண்டு காரியம் பழகிக்கிடுங்க. ஒண்ணு, ஒரே இடத்துக்கு வேற வேற வருஷத்துல எடுத்த மூணு படமாவது பாருங்க, டிசம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள உள்ளது, அப்பதான் தெக்கு துருவத்துல நல்ல வெயில். ரெண்டாவது, ஷார்ட்வேவ் இன்ஃப்ராரெட் பேண்ட போடுங்க, நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியில எடுத்த படம் அது, லேண்ட்சாட் 8 சாட்டிலைட்டுல அது 6-ம் பேண்ட், சென்டினல் 2-ல 11. கண்ணுக்கு வெள்ளையா தெரியுற பனி அந்த பேண்டுல கருத்துப் போகும், மேகம் வெளிச்சமாவே நிக்கும். லேண்ட்சாட்ல சிவப்பு, பச்சை, நீலத்துக்கு 6-5-4ன்னு வரிசையா போட்டீங்கன்னா பனி நீலமா வரும், மேகம் வெளிறித் தெரியும், பாறை தனியா தெரியும். மொத தடவ அத பாக்கும்போது கண்ணாடி மாத்துன மாதிரி இருந்துச்சு எனக்கு.

சாமான் என்னென்ன வேணும்னா, க்யூஜிஐஎஸ்னு மேப் வரையிற ஒரு மென்பொருள், ஃப்ரீ. அதுக்குள்ள போடறதுக்கு குவான்டார்ட்டிகான்னு நார்வே போலார் இன்ஸ்டிட்யூட் ஒரு மொத்தப் பொட்டலம் ஃப்ரீயா குடுக்காவ, அண்டார்டிகா கரைக்கோடு, பாறை, பனி ஓட்ட வேகம், இருக்கிற பேரெல்லாம் அதுல உண்டு. பல ஜிபி வரும், அதனால போன் டேட்டாவுல எறக்காதீங்க, நல்ல வைஃபை இருக்கிற யார் வீட்டுலயாவது போய் உக்காருங்க. ஒசரத்துக்கு ரீமான்னு அண்டார்டிகாவோட ஒசர மேப் ஒண்ணு இருக்கு, மின்னசோட்டா யூனிவர்சிட்டியில உள்ள போலார் ஜியோஸ்பேஷியல் சென்டர் போட்டது, 2018-ல 8 மீட்டர் கட்டமா வந்துச்சு, 2022-ல 2 மீட்டர் ஆயிட்டு. ரெண்டு மீட்டர்னா நம்ம வீட்டு கட்டில் நீளத்துக்கு ஒரு கட்டம், அதுவும் மனுஷன் காலே வைக்காத மலைக்கு. வடக்கு துருவத்துக்கு அதே ஆளுங்க ஆர்க்டிக்டெம்னு வச்சிருக்காவ.

இந்த ரீமா எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா நல்லது. கடற்கரையில நின்னு கட்டைவிரல நீட்டி ஒரு கண்ண மூடி விரல திருவள்ளுவர் சிலைக்கு நேரா வைங்க, இப்ப மத்த கண்ணால பாருங்க, விரல் சிலைய விட்டு தள்ளிப் போயிரும். விரல கிட்ட கொண்டு வந்தா கூட தள்ளும், தூரக் கொண்டு போனா கொறைய தள்ளும். சாட்டிலைட் ஒரே மலைய ரெண்டு கோணத்துல படம் எடுக்குது, ஒசரமான பாறை கூட தள்ளும், பள்ளம் கொறைய தள்ளும், அந்த தள்ளல அளந்தா ஒசரம். அவ்வளவுதான் சூத்திரம்.

மென்பொருள தொறந்த ஒடனே செய்ய வேண்டியது, உருண்டை பூமிய தட்டையா விரிச்சுக் காட்டுற முறைய, அதான் ப்ரொஜெக்‌ஷன மாத்துறது. இதத்தான் எல்லாரும் விட்டுருவாவ. நம்ம போன்ல வாற சாதா மேப் மெர்க்கேட்டர், 70 டிகிரியில அது நீளத்த கிட்டத்தட்ட 3 மடங்கு இழுத்துக் காட்டும், பரப்பு எட்டரை மடங்கு, 85 டிகிரிக்கு மேல மேப்பே கெடையாது. ஒவ்வொரு முறைக்கும் ஒரு நம்பர் உண்டு, அண்டார்டிகாவுக்கு இ.பி.எஸ்.ஜி 3031 போடுங்க, ஆர்க்டிக்னா 3413. 3031 போட்டீங்கன்னா துருவம் நடுவுல, சைபர் டிகிரி தீர்க்கரேகை மேல, 90 டிகிரி கிழக்கு வலது பக்கம் வந்துரும், அப்ப நம்ம கன்னியாகுமரி கோடு வலது பக்கமா வந்து எறங்கும், அதுக்குப் பக்கத்துலயே 76 டிகிரியில நம்ம நாட்டு பாரதி ஆராய்ச்சி ஸ்டேஷன் இருக்கும். இந்த மேப்புல வடக்கு மேல இல்ல, வெளியப் பாத்து போற எல்லா பக்கமும் வடக்குதான். மண்டை கொஞ்சம் சுத்தும். ரெண்டு நாள்ல பழகிரும்.

இன்னொண்ணு, தெக்கு அட்சரேகைக்கு மைனஸ் போடணும். நான் 68.7ன்னு மைனஸ் இல்லாம அடிச்சுட்டு சைபீரியாவுல ஒரு சதுப்பு நெலத்துல போய் நின்னு கிளேசியர் எங்க கிளேசியர் எங்கன்னு அரை மணி நேரம் தேடியிருக்கேன்.

அப்புறம் டிகிரிய தூரமா நெனைக்காதீங்க. நம்ம ஊர்ல தீர்க்கரேகை ஒரு டிகிரி 110 கிலோமீட்டர், 70 டிகிரி தெக்குல அதே ஒரு டிகிரி 38 கிலோமீட்டர்தான்.

இப்ப மலைய வரையலாம். பனிக்கு மேல துருத்திகிட்டு நிக்குற பாறை நுனிக்கு நுனாடக்னு பேரு, கிரீன்லாந்து பாஷையில இருந்து வந்த சொல்லு. பாறையோட ஓரத்த சுத்தி வரைங்க, உச்சிய ஒரு புள்ளி வைங்க. கிளேசியர் வரையிறது அத விட கஷ்டம், ஏன்னா ஆறுக்கு கரை இருக்கு, பனியாறு ரெண்டு பக்கமும் பனியாவே இருக்கும். அங்க ஓட்ட வேகம் காட்டுற படத்த கீழ போட்டுக்கிடுங்க. வேகமா ஓடுற பனிக்கும் சும்மா கெடக்குற பனிக்கும் நடுவுல வெடிப்பு வெடிப்பா ஒரு வரி போகும், அதுதான் கரை. தலைப்பக்கம் எங்க ஆரம்பிக்குன்னு தேடினா கோடு மங்கிப் போகும், அங்கன பனி எந்தப் பக்கம் சரியுதுன்னு ரீமாவ வச்சு பாக்கணும், நம்ம ஊர்ல மழைத்தண்ணி இந்தக் கொளத்துக்குப் போகுதா அந்தக் கொளத்துக்குப் போகுதான்னு மேடு பாக்குறோமில்லா, அதேதான்.

ஒசரம் எடுக்கும்போது ஒரு பொறி இருக்கு. ரீமா குடுக்கிற எண்ணு கடல் மட்டத்துல இருந்து உள்ள ஒசரம் இல்ல, பூமிய ஒரு வழவழப்பான முட்டையா கணக்குப் பண்ணி அதுல இருந்து அளந்தது. வித்தியாசம் என்ன பெருசான்னு கேக்குறவங்க நம்ம கன்னியாகுமரி மணல்ல நின்னு ஜிபிஎஸ்ல அந்த முட்டை ஒசரத்தப் பாருங்க, மைனஸ் 90 மீட்டருக்கும் கீழ காட்டும். கடலுக்குள்ள நிக்குறோம்னு பயப்படாதீங்க, இலங்கைக்கு தெக்க உலகத்துலயே பெரிய ஈர்ப்புப் பள்ளம் இருக்கு, கடல் மட்டமே அங்க 106 மீட்டர் தாழ்ந்து கெடக்கு, நம்ம முனை அந்தப் பள்ளத்தோட சரிவுல இருக்கு. அதனால மலை ஒசரம் எழுதும்போது எதுல இருந்து அளந்ததுன்னு கூடவே எழுதுங்க, இல்லன்னா அந்த எண்ணுக்கு மதிப்பே கெடையாது. அண்டார்டிகாவுல பெரிய மலையான வின்சனயே மொதல்ல 5,140 மீட்டர்னுதான் போட்டிருந்தாவ, பொறவு 4,897 ஆச்சு, 2004-ல ஜிபிஎஸ்ஸோட ஏறி அளந்த பொறவு 4,892. மலை குனியல, அளக்குறது நிமிந்துச்சு.

ரீமாவுல ஓட்டை விழுந்த இடமும் உண்டு, அங்க நெழல வச்சு கணக்கு போடலாம். படத்தோட விவரத்துல சூரியன் எத்தன டிகிரி ஒசரத்துல இருந்துச்சுன்னு இருக்கும். நெழல் 600 மீட்டர், சூரியன் 20 டிகிரின்னா 600-ஐ 0.364-ஆல பெருக்குங்க, 218 மீட்டர். நெழல் சமதளத்துல விழணும், சரிவுல விழுந்தா கணக்கு பொய். இத நான் மொதல்ல வீட்டுத் தென்னை மரத்துல செஞ்சு பாத்தேன், நெழலு மதில்ல ஏறி மடங்கினத கவனிக்கல, ஒன்றரை ஆள் ஒசரத்துக்கு தப்பு. அதுக்கு அப்புறம்தான் சரிவோட அருமை புரிஞ்சுது.

படம் எவ்வளவு இருந்தாலும் தரையில ஒரு நெச புள்ளி இல்லன்னா எல்லாம் மெதக்கும். இது கடலுக்குப் போறவங்களுக்கு சொல்லவே வேண்டாம். எங்க பக்கத்து கரையில பழைய ஆளுங்க நடுக்கடல்ல மீன் கெடக்கிற பாரு (கடலடிப் பாறை) இருக்கிற இடத்த எப்படி திரும்பக் கண்டுபிடிப்பாவ, கரையில தெரியுற ஒரு மலைக்கொம்பையும் அதுக்கு முன்னால உள்ள கோயில் கோபுரத்தையும் ஒரே நேர்ல கொண்டு வருவாவ, இன்னொரு பக்கம் வேற ரெண்டு அடையாளத்த நேர்ல கொண்டு வருவாவ, ரெண்டு கோடும் வெட்டுற இடத்துல கல்ல எறக்கினா கீழ பாரு. அந்த அடையாளத்துல ஒண்ணு தப்பா இருந்தா ராத்திரி முழுக்க தண்ணிய அரிக்க வேண்டியதுதான். 1946-47-ல அமெரிக்கா நேவி ஹைஜம்ப்னு ஒரு ஆபரேஷன்ல விமானத்த பறக்கவிட்டு அண்டார்டிகாவ சுமார் 70,000 போட்டோ எடுத்துச்சு, ஆனா தரையில இந்த கோபுரம் மாதிரி அளந்த புள்ளி இல்லாததால நெறைய படத்த மேப்புல ஒட்ட முடியல, அதுக்காகவே அடுத்த வருஷம் விண்ட்மில்னு இன்னொரு கூட்டத்த அனுப்பி தரையில புள்ளி அளந்துட்டு வரச் சொன்னாவ. 1938-39-ல ஜெர்மன்காரன் எடுத்த படத்துக்கும் இதே கதிதான். நம்ம மைத்ரி ஸ்டேஷன் நிக்குற ஷிர்மாக்கர் ஓயசிஸ் இருக்கே, அது அந்த ஜெர்மன் கூட்டத்துல விமானம் ஓட்டின பைலட்டோட பேரு. 25 கிலோமீட்டர் நீளத்துக்கு பனி இல்லாத பாறை, நூத்துக்கு மேல ஏரி. நார்வேக்காரன் மேப்புல அதே இடத்துக்கு வாஸ்ஃபியெல்லெட்னு பேரு, தண்ணி மலைன்னு அர்த்தம். எனக்கு என்னவோ பைலட் பேர விட தண்ணி மலைதான் புடிச்சிருக்கு.

இங்கதான் பேர் விஷயம் வருது. உங்க பாறைக்கு பேர் இல்லன்னு முடிவு பண்றதுக்கு முந்தி அண்டார்டிகா ஆராய்ச்சிக்கு பல நாடு சேந்து வச்சிருக்கிற ஸ்கார் அமைப்போட கூட்டுப் பெயர்ப்பட்டியல்ல தேடுங்க, 35,000-க்கு மேல பேர் அதுல இருக்கு, ஆனா இடம் அவ்வளவு இல்ல, ஒரே மலைக்கு மூணு நாடு மூணு பேர் வச்சிருக்கும். பேர வச்சு தேடாதீங்க, எடத்த வச்சு தேடுங்க, உங்க புள்ளிய சுத்தி ஒரு பத்து கிலோமீட்டர் வட்டம் போட்டு உள்ள என்ன விழுதுன்னு பாருங்க. பழைய பேருக்கு பழைய தப்பு எடந்தான் எழுதியிருக்கும், அதான் பத்து கிலோமீட்டர். மைத்ரிக்கு தெக்க உள்ள மலைங்கள்ல நான் பேரே இல்லன்னு துள்ளிக்குதிச்ச ஒரு கொம்புக்கு இப்படி தேடினதுல மூணு பேர் வந்து விழுந்துச்சு.

இது கேவலம் ஒண்ணும் இல்ல, பொற்றையடி பக்கத்துல நிக்குற ஒரே மலைய நம்மளே மருந்துவாழ்மலைங்கோம், மருத்துவமலைங்கோம், மலையாளம் பேசுறவங்க மருத்வாமலைங்காவ. ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. 1816-ல இருந்து 1820 வரைக்கும் வார்டு, கானர்னு ரெண்டு லெப்டினன்ட்மாரு நம்ம பகுதி சேந்திருந்த திருவிதாங்கூர அளந்தாவ, இங்க ஒவ்வொரு குன்றுக்கும் பேர் ஏற்கனவே ஊர்க்காரன் வாயில இருந்துச்சு, கேட்டா கெடைக்கும். அண்டார்டிகாவுல கேக்க ஆளே கெடையாது. அதனாலதான் பல் டாக்டரும் பைலட்டும் ராணியும் கப்பலும் மலையேறி உக்காந்திருக்காவ. எரிபஸ் எரிமலை 1841-ல வந்த ஜேம்ஸ் ராஸோட (அது வேற ராஸ்) கப்பல் பேரு, பைன் ஐலண்ட் கிளேசியரும் ஒரு கப்பல் பேருதான். உலகத்துலயே பெருசுங்குற லாம்பர்ட் கிளேசியர் 400 கிலோமீட்டருக்கு மேல நீளம், நாகர்கோவில்ல இருந்து திருச்சி தாண்டிப் போற தூரம், அதுக்கு மொத பேரு பேக்கர் த்ரீ, ஹைஜம்ப் போட்டோவ பாத்து ஒருத்தர் வச்சது, 1957-ல ஆஸ்திரேலியா தன் நாட்டு மேப் துறை டைரக்டர் லாம்பர்ட் பேர வச்சுது. மெட்ராஸ்ல இருந்து நம்ம நாட்ட அளக்க ஆரம்பிச்ச லாம்ப்டனும் இவரும் வேற வேற ஆளு, நான் ரொம்ப நாளா ஒண்ணுன்னு நெனைச்சிருந்தேன்.

பேர் வைக்கிற அதிகாரம் யாருக்குன்னா, அண்டார்டிகா யாருக்கும் சொந்தம் இல்ல, 1959-ல போட்ட ஒப்பந்தம் உரிமை கேக்குறத எல்லாம் அப்படியே ஒறைய வச்சிருக்கு, அதனால பேர் வைக்க ஒரே தலைவரும் கெடையாது. ஸ்கார் பேர் வைக்காது, சேத்து மட்டும் வைக்கும். ஒவ்வொரு நாட்டுக்கும் தனி குழு, அந்தக் குழுவுக்கு தனி விதி. அமெரிக்கா விதியில சொந்தக்காரன் கூட்டுக்காரன் பேரு கூடாது, விக்கிற சாமான் பேரு கூடாது, சறுக்கு வண்டி இழுக்குற நாய் பேரும் கூடாதுன்னே எழுதியிருக்கு. ஆஸ்திரேலியாக்காரன் இருபதுக்கு மேல தீவுக்கும் பாறைக்கும் தன்னோட ஹஸ்கி நாயுங்க பேர வச்சிருக்கான், எனக்கு இவன் பக்கந்தான் மனசு. பிரிட்டன் குழு அலெக்சாண்டர் தீவு முழுக்க மொசார்ட், பீத்தோவன்னு சங்கீதக்காரங்க பேர அடுக்கிட்டு, 2021-ல கெட்ஸ் பகுதியில ஒம்பது கிளேசியருக்கு கியோட்டோ, பாலி, பாரிஸ், கிளாஸ்கோன்னு காலநிலை மாநாடு நடந்த ஊர் பேரா வச்சுது. பல்கேரியா சின்ன நாடு, ஆனா ஆயிரத்துக்கு மேல பேர் வச்சாச்சு, அதுல நெறைய அவங்க நாட்டு ஊருங்க பேரு. நம்மாளு பேர்லயும் ஒரு மலை இருக்கு, மவுண்ட் சின்ஹா, பீகார்ல பொறந்து அமெரிக்காவுல வேலை பாத்த உயிரியல்காரர் அகௌரி சின்ஹா, எழுபதுகள்ல அங்க போய் சீலு, பறவை எல்லாம் எண்ணினவர்.

வடக்கு வேற. அங்க நெலத்துக்கு சொந்தக்காரன் இருக்கான், கனடா, கிரீன்லாந்து பக்கம் ஆயிரக்கணக்கு வருஷமா குடியிருக்கிறவங்க வச்ச பேர் இருக்கு, அதுக்கு மேல நம்ம பேர ஒட்டுறது மரியாதை இல்ல. நார்வேக்கு வடக்க உள்ள ஸ்வால்பார்டு தீவுல நம்ம ஹிமாத்ரி ஸ்டேஷன் பக்கத்துல கோங்ஸ்பிரீன்னு ஒண்ணு இருக்கு, பிரீன்னாலே கிளேசியர்தான், அதனால கோங்ஸ்பிரீன் கிளேசியர்னு எழுதாதீங்க, மகேந்திரகிரி மலைன்னு சொல்ற மாதிரி ஆயிரும் (நம்மளும் சொல்லிகிட்டுதான் இருக்கோம்).

ஒரு பேர முன்வைக்கணும்னா உங்க கையில இருக்க வேண்டியது எடம், ஒசரம், படத்தோட தேதி, பக்கத்துல உள்ள தெரிஞ்ச அடையாளத்துல இருந்து எத்தன கிலோமீட்டர் எந்தத் திசை, என்ன வகை, எதுக்கு இந்த இடத்துக்கு பேர் தேவைப்படுது, பேருக்கு காரணம், ஆங்கில எழுத்துல எழுதினா எப்படி, அத ஒரே மாதிரி எப்பவும். நம்ம 'ழ' இருந்தா அங்கனயே சண்டை ஆரம்பிக்கும், பாத்துக்கிடுங்க. எதுக்கு தேவைங்குற கேள்வியிலதான் முக்காவாசி ஆளு விழுவாவ. அங்க யாராவது ஆராய்ச்சி பண்றாவளா, விமானம் எறங்குதா, ஆபத்து சொல்லணுமா, அப்பதான் பேருக்கு வேலை. நம்ம நாட்டுல துருவ வேலை எல்லாம் பாக்குறது கோவாவுல உள்ள என்.சி.பி.ஓ.ஆர், அங்க போற ஆராய்ச்சிக்காரங்க யாராவது உங்க மேப்ப உண்மையிலயே பயன்படுத்துற நெலமை வந்தா அவங்க வழியா போறதுதான் வழி.

எழுதிப் பழகணும்னா நம்ம ஊரு மலைக்கே எழுதுங்க. நான் எழுதினது இது: "மருந்துவாழ்மலை. பாறைக்குன்று. 8.1 டிகிரி வடக்கு, 77.5 டிகிரி கிழக்கு. கன்னியாகுமரி முனைக்கு வடமேற்கே, பொற்றையடிய ஒட்டி நிக்குது. வேற பேரு: மருத்துவமலை, மருத்வாமலை. பேருக்கு காரணம்: அனுமார் தூக்கிட்டுப் போன சஞ்சீவி மலையில இருந்து விழுந்த துண்டுன்னு ஊர்ப்பேச்சு, மூலிகை உண்டு." இத அக்கா மவகிட்ட வாசிச்சுக் காட்டினேன், கேட்டுட்டு, "மலைய இங்க வைக்கிறதுக்கு யாரு மாமா அனுமாருக்கு அனுமதி குடுத்தா"ங்கா.

அவ பேர வைக்கல. சோர்ஸ்டாலுக்கு தெக்க நான் வரைஞ்சு வச்சிருக்கிற பாறைங்க எல்லாம் இன்னைக்கும் என் ஃபைல்ல ப-1, ப-2, ப-3ன்னுதான் கெடக்கு, ப-7 மட்டும் சந்தேகம், போன வருஷ படத்துல மேகம் மறைச்சிருக்கு, இந்த டிசம்பர் படம் வந்ததும் பாக்கணும்.